ஏசுகிறவர் எடுக்க வேண்டிய மூச்சு

(களுதாவளையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவிலே வெற்றிலைக் கொடி. சுயம்புலிங்கப் பிள்ளையார் குடியிருக்கும் மண். இப்படிப்பட்ட ஊருக்கு வந்து தியானத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள். நான் ஒரு நிபந்தனை போட்டேன். பேரின்பத்தைப் பற்றிப் பேசமாட்டேன், ஞானத்தைப் பற்றிப் பேசமாட்டேன், ஏச்சைப் பற்றித்தான் பேசுவேன் என்றேன். வீட்டுக்குள்ளே, வேலியோரத்திலே, வகுப்பறையிலே, கந்தோரிலே ஒருவரை ஒருவர் ஏசுகிறோமே, அந்த ஏச்சு. அதற்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு? மூச்சைக் கவனிக்கப் பழகினால் நாக்கு அடங்குமா? அடங்கும் என்றால், யார் பழக வேண்டும்? ஏச்சு வாங்குகிறவரா, ஏசுகிறவரா? இன்றைய பேச்சு இவ்வளவுதான். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. அதற்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறரை மணியை நினைத்துப் பாருங்கள். பாடசாலைக்குப் போகிற நேரம். பிள்ளையின் கணக்குக் கொப்பியைக் காணவில்லை. தாய் ஒரு கையிலே சாப்பாட்டுப் பெட்டியை மூடுகிறாள், மறு கையாலே சின்னவளுக்குத் தலை பின்னுகிறாள். "கொப்பி எங்கடா?" முதல் தடவை சாதாரணமாகத்தான் கேட்கிறாள். "தெரியாம்மா." இரண்டாம் தடவை குரல் ஏறுகிறது. "ராவு எங்க வச்ச?" பிள்ளை பேசாமல் நிற்கிறான். மூன்றாம் தடவை வருகிறது பாருங்கள்: "மூதேவி! நாசமறுவான்! உன்னையெல்லாம் பெத்தத்துக்கு..." இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு மனப்பாடம்.

இந்த மூன்றாம் தடவையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கிப் பார்ப்போம். "மூதேவி" என்ற சொல் வாயிலிருந்து விழுவதற்கு முன் அந்தத் தாயின் உடம்பு ஒரு வேலை செய்தது. மூச்சை இழுத்தது. மார்பு எழும்பியது, தோள் ஏறியது, கழுத்து இறுகியது. பிறகுதான் சொல் வந்தது. நாம் கதைப்பதெல்லாம் வெளிமூச்சில்தான். உள்ளே இழுக்கிற மூச்சில் யாரும் ஏசுவதில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் இப்போதே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கத்திலே இருப்பவரை "மூதேவி" என்று ஏசிப் பாருங்கள். சிரிக்கிறீர்கள். வராது. வந்தாலும் அவருக்குக் கோபம் வராது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்பார்.

ஆகவே எந்த ஏச்சுக்கும் முன்னால் ஓர் உள்மூச்சு உண்டு. எவ்வளவு சத்தமான ஏச்சோ அவ்வளவு பெரிய உள்மூச்சு. அது ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடி நமக்குத் தெரிவதில்லை. கோபம் வந்தது, வாய் திறந்தது, ஏசிவிட்டோம் என்று ஒரே நிகழ்ச்சியாக நினைக்கிறோம். மூச்சைக் கவனிக்கிற தியானம் அந்த ஒன்றை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறது. கோபம் வந்தது. மூச்சு ஏறியது. இனித்தான் சொல். ஏறிய மூச்சைச் சொல்லாக்காமலும் வெளியே விடலாம் என்பதைப் பழக்கப்பட்ட உடம்பு அறிந்துகொள்கிறது.

உடனே ஒருவர் எழும்பிக் கேட்பார்: "ஐயா, உள்ளே அடக்கி வைத்தால் நெஞ்சு வெடிக்காதா? கொட்டித் தீர்த்தால்தானே ஆறும்?" இந்த நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. படித்தவர்களிடம் இன்னும் அதிகமாக இருக்கிறது. மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் கோபம் காலியாகிவிடும் என்கிறார்கள். காலியாகிறதா? உண்மையிலேயே காலியாகிறதா? ஏசி முடித்த அரை மணி நேரத்தில் அதே பிள்ளையை, அதே மனைவியை, அதே சொற்களால் மறுகா ஏசுகிறோமே, எந்தப் பெட்டி காலியானது?

அமெரிக்காவிலே பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 2002ஆம் ஆண்டு வெளியான ஆய்வு. மாணவர்களுக்கு வேண்டுமென்றே கோபமூட்டினார். பிறகு சிலருக்குக் குத்துச்சண்டைக்காரர் குத்திப் பழகும் மூட்டையைக் கொடுத்து, கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டே குத்தச் சொன்னார். இன்னும் சிலரை ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கவிட்டார். யாருக்குக் கோபம் ஆறியது? சும்மா இருந்தவர்களுக்கு. குத்தியவர்களுக்கோ கோபம் கூடியது, வாய்ப்புக் கிடைத்தபோது மற்றவருக்குத் துன்பம் கொடுக்கும் எண்ணமும் கூடியது. 2024இல் அவரும் சோஃபி கியார்விக் என்பவரும் சேர்ந்து, இதுவரை நடந்த 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்குபற்றியவர்கள் 10,189 பேர். வந்த முடிவு என்ன? உடம்பின் கொதிப்பைக் கூட்டுகிற வழிகள் கோபத்தைக் குறைப்பதில்லை. கோபத்தோடு ஓடப் போனவர்களுக்குக் கோபம் கூடவே ஓடியது. ஆழ்ந்த மூச்சு, தியானம், யோகாசனம், தசைகளைத் தளர்த்தும் பயிற்சி ஆகியவை, அதாவது கொதிப்பை இறக்குகிற வழிகள், கோபத்தையும் இறக்கின. கோபத்தால் செய்யும் வன்செயலையும் இறக்கின.

கொதிப்பை இறக்குவது என்றால் என்ன? அதை ஆய்வுத் தாளிலே தேட வேண்டாம், உங்கள் மணிக்கட்டிலே இருக்கிறது. இடது கை மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே, வலது கையின் இரண்டு விரல்களை வையுங்கள். நாடி தெரிகிறதா? மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள். இப்போது அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இன்னும் ஒருமுறை. இழுக்கும்போது துடிப்புக் கொஞ்சம் நெருங்கி வருகிறது. விடும்போது விலகி விலகி வருகிறது. இளம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும், வயது போனவர்களுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதற்காகப் பயப்பட வேண்டாம். மூளையிலிருந்து புறப்பட்டு இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகிற வேகஸ் என்ற நரம்பு ஒன்று உண்டு. வெளிமூச்சின்போது அந்த நரம்பு இதயத்தைப் பிடித்து மெதுவாக்குகிறது. கோபத்திலே நெஞ்சு படபடக்கும்போது "படபடக்காதே" என்று இதயத்துக்கு நாம் நேரே கட்டளை போட முடியாது. ஆனால் வெளிமூச்சை நீட்டலாம். நீட்டினால் இதயம் கேட்கும்.

இதைச் சொல்ல வேகஸ் நரம்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெளிமூச்சின் அருமை திருமூலருக்குத் தெரிந்திருந்தது. திருமந்திரத்தின் பிராணாயாமப் பகுதியில் அவர் வைத்த கணக்கு: உள்ளே இழுக்கும் பூரகம் 16 மாத்திரை, வெளியே விடும் இரேசகம் 32 மாத்திரை. வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரண்டு மடங்கு. நடுவிலே அடக்கி வைக்கும் கும்பகம் 64. அந்தக் கும்பகத்தை மட்டும் வீட்டிலே தனியாக முயற்சி செய்யாதீர்கள், குரு இல்லாமல் அதில் கை வைக்கக்கூடாது. நமக்கு வேண்டியது வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளம் என்பதுதான். புத்தர் இன்னும் எளிமையாக்கினார். ஆனாபானசதி சூத்திரத்தில் மூச்சை நீட்டு, குறுக்கு என்று அவர் கட்டளை போடுவதில்லை. நீளமாக வந்தால் நீளம் என்று அறி, குறுகி வந்தால் குறுகல் என்று அறி, அங்கிருந்து தொடங்கு என்கிறார். இலங்கையிலே சைவரும் பௌத்தரும் எத்தனையோ விடயங்களில் முட்டிக்கொண்டோம். மூக்கு நுனியில் மட்டும் சண்டை வந்ததில்லை.

இன்னொரு செய்தி. இத்தாலியில் லூச்சியானோ பெர்னார்டி என்ற மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரைக் கத்தோலிக்கச் செபமாலையை இலத்தீனிலே சொல்லச் சொன்னார்கள், திபெத்திய பௌத்த மந்திரத்தையும் சொல்லச் சொன்னார்கள், மூச்சை அளந்தார்கள். சும்மா இருக்கும்போது வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை மூச்சு விடுவார். செபமாலை சொன்னபோதும் ஆறு. மந்திரம் சொன்னபோதும் ஆறு. சமயம் வேறு, மொழி வேறு, மூச்சின் எண்ணிக்கை ஒன்று. இதயத்தின் ஒழுங்கும் அந்த வேகத்தில் மேம்பட்டதை அளந்தார்கள். பண்ணோடு தேவாரம் பாடுகிற நம் ஓதுவாரின் மூச்சை யாராவது அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

பாட்டு என்றதும் மட்டக்களப்பான் கொம்புமுறியை நினைக்காமல் இருப்பானா? வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரியும். வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிற்றால் இழுப்பார்கள். யாருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். வென்றவர்கள் சும்மா விடுவார்களா? வசைப்பாட்டு! தோற்றவனின் ஆண்மையை, சேரியை, கொம்பை எல்லாவற்றையும் பாட்டாலே இழுத்துப் போட்டு மிதிப்பார்கள். கேட்டால் காது கூசும். நம் முன்னோர் ஏசத் தெரியாத சாதுக்கள் அல்லர் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்த ஏச்சுக்கு ஒரு காலம் இருந்தது, ஒரு களம் இருந்தது, ஒரு மெட்டு இருந்தது. மெட்டோடு ஏச வேண்டுமென்றால் மூச்சை அளந்துதான் விட வேண்டும். ஆத்திரத்திலே மூச்சு முட்டுகிறவனால் தாளத்தோடு பாட முடியாது. பாட்டு முடிந்தால் அவன் இவனுக்கு மச்சான். இன்றைக்கு நாம் காலத்தையும் விட்டோம், களத்தையும் விட்டோம், மெட்டையும் விட்டோம். வசையை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

கொம்புமுறி யாருக்காக? கண்ணகை அம்மனுக்காக. வைகாசி பிறந்தால் செட்டிபாளையத்திலே, மகிழூரிலே, காரைதீவிலே, தம்பிலுவிலிலே அம்மன் கோயில்களின் கதவு திறக்கும். கல்யாணக்கால் நடுவார்கள். வழக்குரை பாடுவார்கள். ஏடுகளிலே கிடந்த அந்தக் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்து 1968இல் அச்சிலே தந்தவர் வித்துவான் வீ. சீ. கந்தையா. கடைசி நாள் என்ன நடக்கும்? குளிர்த்தி. வேப்பிலையும் நீருமாக, பாட்டுப் பாடி, அம்மனைக் குளிரச் செய்வார்கள். குளிர்ந்தபின் கதவைச் சாத்துவார்கள்.

உலகத்திலே எத்தனையோ ஊர்களில் தெய்வத்தைப் பார்த்து "எனக்கு அருள் செய்" என்று கேட்கிறார்கள். நாம் ஒரு பெண்தெய்வத்தைப் பார்த்து "அம்மா, கோபம் ஆறு" என்று கேட்கிறோம். "உனக்குக் கோபம் வந்தது பிழை" என்று எந்தக் குளிர்த்திப் பாட்டும் சொல்வதில்லை. கோபம் நியாயமானது. ஆனாலும் குளிர வேண்டும். ஏன்? அந்தக் கோபம் ஒரு நகரத்தையே எரித்தது என்பது பாடுகிறவனுக்குத் தெரியும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். மதுரையை எரிக்கச் சொல்கிற அந்த உச்ச ஆவேசத்திலும் சிலப்பதிகாரக் கண்ணகி தீக்கடவுளுக்கு விதிவிலக்குச் சொல்கிறாள். முதியவர்களைத் தொடாதே என்கிறாள். குழந்தைகளைத் தொடாதே என்கிறாள். கணவனைப் பறிகொடுத்தவள், நாட்டு மன்னனே அநியாயம் செய்யக் கண்டவள், அந்த நிலையிலும் குழந்தையைப் பிரித்துப் பார்க்கிறாள். நாமோ ஒரு கணக்குக் கொப்பிக்காக ஏசும்போது முதலில் எரிகிறவர் யார்? கண்ணகி விட்டுவைத்த குழந்தைகளை நாம் விட்டுவைக்கிறோமா?

"அடிக்கவில்லையே, வாயாலேதானே ஏசினேன்" என்கிறோம். அமெரிக்க மனநல மருத்துவர் மார்ட்டின் டீச்சரும் அவருடைய குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றிருக்கிறது. 18 முதல் 22 வயது வரையானவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு, அவர்களுடைய இன்றைய மனநிலையோடு ஒப்பிட்டார்கள். மனச்சோர்வு, பதற்றம், எரிச்சல் என்று எதைப் பார்த்தாலும், பெற்றோரின் ஏச்சோடு சேர்ந்து வருகிற பாதிப்பு, வீட்டிலே அடிதடியைப் பார்த்து வளர்வதோடு சேர்ந்து வருகிற பாதிப்புக்குக் குறைந்ததாக இருக்கவில்லை. "வாயாலேதானே" என்பதில் இருக்கிற அந்த "தானே" எவ்வளவு பெரிய பொய்!

நம் பகுதியில் இதற்கு இன்னொரு கனமும் உண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்கிறோம். தாயின் வளவுக்குப் பக்கத்திலே மகள், அக்காவின் வேலிக்கு அங்கால் தங்கச்சி. நல்ல வழக்கம். அந்தரத்துக்கு ஓடிவர ஆள் உண்டு, பிள்ளையைப் பார்க்க அம்மம்மா உண்டு. ஆனால் ஒரு வீட்டிலே ஏசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். பெரியம்மாவின் பிள்ளைகள் கேட்பார்கள், சின்னம்மாவின் பிள்ளைகள் கேட்பார்கள். ஏச்சு வாங்கிய பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியிலேயே அதே சொல்லை மச்சானின் வாயிலிருந்து கேலியாக மறுபடி கேட்பான். தாய் ஒரு தடவைதான் சொன்னாள். வளவு பத்துத் தடவை சொல்கிறது.

சரி, இப்போது அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். யார் மூச்சைக் கவனிக்க வேண்டும்?

நம் மேடைகளிலே பொறுமையை யாருக்குப் போதிக்கிறோம்? மருமகளுக்கு. மாணவனுக்கு. கூலிக்கு வந்தவனுக்கு. கந்தோர் வாசலிலே வரிசையில் நிற்கிறவருக்கு. "கொஞ்சம் பொறுமையாக இரு, மூச்சை இழுத்து விடு, எல்லாம் சரியாகும்." ஏச்சு வாங்குகிறவரையே பார்த்துச் சொல்கிறோம். இதை நான் ஏற்கவில்லை. குடித்துவிட்டு வந்து இரவிரவாக ஏசுகிற கணவனைச் சகித்துக்கொள்ள ஒரு பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது தியானமே அல்ல. அது அந்தக் கணவனுக்குச் செய்யும் உதவி. அவளுக்குத் தெரிய வேண்டியவை வேறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று இந்த நாட்டிலே ஒன்று இருக்கிறது. அடி உதை மட்டுமல்லாமல் கொடுமையாக இழிவுபடுத்தி மனதைச் சிதைப்பதையும் அந்தச் சட்டம் வன்முறை என்கிறது. நீதவான் நீதிமன்றத்திலே பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. பின்னாலே இருக்கிற பிள்ளைகள் இந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூச்சைப் பழக வேண்டியவர் யாருடைய ஏச்சுக்கு மற்றவர் பதில் சொல்ல முடியாதோ அவர். தகப்பன் பழக வேண்டும். தாய் பழக வேண்டும். மாமியார், ஆசிரியர், அதிபர், முதலாளி, அதிகாரி, மேடையிலே ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் என்னைப் போன்ற ஆள் எல்லோரும் பழக வேண்டும். அதிகாரம் கூடக் கூட ஏச்சுக்குத் தடை குறைகிறது, எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லை. வெளியிலே தடை இல்லாதவன் உள்ளேதான் ஒரு தடை வைத்துக்கொள்ள வேண்டும்.

முடியுமா? இந்த வயதிலே மாற முடியுமா? 1994ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தில்லி திகார் சிறையிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்த காலம். பர்மாவிலே பிறந்து வளர்ந்து, அங்கே சயாஜி ஊ பா கின்னிடம் கற்ற சத்திய நாராயண் கோயங்கா வந்து விபஸ்ஸனா பயிற்சி நடத்தினார். பத்து நாள். பயிற்சியில் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைக்கக்கூடாது. முதல் மூன்று நாளும் வேறு ஒன்றுமே இல்லை, மூக்கு வாசலிலே மூச்சு வருகிறது, போகிறது, அதைப் பார். அவ்வளவுதான். கொலை வழக்கிலே உள்ளே இருப்பவன், கெட்ட சொல்லில்லாமல் ஒரு வசனம் கதைக்கத் தெரியாதவன், மூன்று நாளாகத் தன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பயிற்சியிலே எனக்குப் பிடித்தது மௌனம்தான். ஏசாமல் ஒரு நாள் போகும் என்பதை அந்த மனிதர்கள் தங்கள் உடம்பாலே கண்டார்கள். அந்தப் பயிற்சிகளிலே சிறை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் முன்பு சொன்ன கட்சிக்கு அது பலம்.

சிறைக்கு வெளியிலும் வழி காட்டியவர் உண்டு. தமிழ்நாட்டிலே கூடுவாஞ்சேரியில் 1911இல் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. தறி நெய்தவர், தொழில் நடத்தியவர், குடும்பஸ்தர். அவருடைய மனவளக்கலையில் "சினம் தவிர்த்தல்" என்று தனிப் பாடமே வைத்தார். யார் யார் மீது கோபம் வருகிறது என்று பட்டியல் எழுதச் சொல்வார். நீங்களும் எழுதிப் பாருங்கள். பகைவனின் பெயர் முதலில் வருமா? வராது. மனைவி, மகன், தாய், கூட வேலை செய்கிறவன். நமக்குச் சோறு போடுகிறவர்களும் நம் சோற்றைச் சாப்பிடுகிறவர்களும்தான் அந்தப் பட்டியலில் இருப்பார்கள். ஊருக்குப் புறம்பான எதிரியிடம் நாம் மிகவும் மரியாதையாகக் கதைக்கிறோம்!

எப்படிப் பழகுவது என்று கேட்பீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், கதிரையிலே இருந்தாலும் போதும். வாயை மூடுங்கள். நாலு எண்ணும் வரை மூக்காலே இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு, பெர்னார்டி அளந்த அதே ஆறு. கொஞ்சம் பழகியதும் எண்ணுவதை விட்டுவிட்டு மூச்சை அதன்பாட்டில் விட்டுப் பார்த்துக்கொண்டிருங்கள். மனம் ஓடும். பக்கத்து வளவுக்காரன் சொன்ன சொல்லுக்கு ஓடும், ஓடியதைக் கண்டதும் மூக்கு நுனிக்குத் திரும்பி வாருங்கள். ஓடுவது பிழையல்ல, திரும்பி வருவதுதான் பயிற்சி. கோபம் வந்தபோதும் இதே வேலைதான்: சொல்லை நோக்கி ஓடுகிற மனத்தைக் கண்டு திரும்புவது.

முக்கியமான ஒன்று. கோபம் வரும்போது தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்போது ஒன்றும் நினைவுக்கு வராது. கோபமே இல்லாத நேரத்தில் பழகுங்கள். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கும் வரை. மோட்டரைப் போட்டுவிட்டுப் பாத்தி நிறையும் வரை. மணலிலே தோண்டிய பூவலிலே தண்ணீர் அள்ளியவர்களுக்குத் தெரியும், அவசரப்பட்டுக் கோலினால் மணலும் சேர்ந்து வரும், கொஞ்சம் ஊற விட்டால் தெளிந்து வரும். ஊறுவதற்குத் தினமும் ஒரு சிறிது நேரம் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சாதாரண மண் அல்ல. முப்பது வருடப் போரைப் பார்த்த மண், 2004 மார்கழி 26இல் கடல் எழும்பி வந்த மண். சிலருக்குக் கண்ணை மூடினால் இருட்டுக்குள்ளே வேண்டாத காட்சிகள் வரும், மூச்சைக் கவனித்தால் நெஞ்சடைப்பதுபோல் இருக்கும். அப்படிப்பட்டவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதம் தரையைத் தொடுவதைக் கவனித்தபடி, கொஞ்ச நேரம் செய்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், மனநல மருத்துவரிடம் போங்கள், வெட்கமில்லை. யாழ்ப்பாணத்திலே போர்க்காலத்தில் மனக்காயம் பட்டவர்களைப் பார்த்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், மக்களுக்கு அவரவர் மரபிலே உள்ள ஆறுதல் முறைகளையே எடுத்துக் கொடுத்தார். சைவருக்கு மந்திர செபம், கிறிஸ்தவருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்கு ஆனாபானசதி. ஆரையம்பதியும் காத்தான்குடியும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கிற மாவட்டத்திலே இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இளம் பிள்ளைகளுக்கு ஒன்று. இன்றைய ஏச்சு கைத்தொலைபேசியிலேயும் நடக்கிறது. அப்பா கத்தாரிலே, அம்மா இங்கே. காசு வரவில்லை, அல்லது காசு வந்தது, கணக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பிலே குரல் பதிவை அமுக்குகிறோம். அமுக்கும்போது மூச்சு ஏறுவதைக் கவனியுங்கள், பொத்தானிலே விரல் வைத்த உடனே மார்பு உயரும். பேசி முடித்தபின் விரலை எடுத்தால் போய்விடும், இழுத்தால் அழிந்துவிடும். இழுத்து அழித்துவிட்டு, ஒரு நீண்ட வெளிமூச்சு விட்டு, மறுபடி பேசிப் பாருங்கள். செய்தி அதே செய்திதான். "காசு ஏன் இன்னும் வரல்ல?" கேள்வியும் அதேதான். கடைசியிலே ஒட்டிக்கொண்டு வந்த அந்த ஒரு சொல் மட்டும் இருக்காது. வாய்க்கு நேரே ஏசுகிறவனுக்கு இந்த அழிக்கும் வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

வெற்றிலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிணக்கு வந்த இரண்டு வீட்டாரை உட்கார வைத்தால் பெரியவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? வெற்றிலை வட்டாவை நடுவிலே வைத்தார்கள். வெற்றிலையை எடு, காம்பைக் கிள்ளு, சுண்ணாம்பைத் தடவு, பாக்கை வை, மடி, வாயிலே போடு, மெல்லு. இவ்வளவும் முடிய எத்தனை மூச்சுப் போயிருக்கும்? அதோடு, வாய் நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு எவராலும் பெரிய சத்தத்திலே ஏச முடியாது. முயன்றால் எதிரே இருப்பவரின் சட்டை சிவக்கும். வெற்றிலை மெல்வதற்கு நான் பிரசாரம் செய்யவில்லை, வாய்ப் புற்றுநோய் மருத்துவர்கள் என்னை விடமாட்டார்கள். அந்த வட்டா வாங்கித் தந்த நேரத்தைத்தான் சொல்கிறேன்.

முடிப்பதற்கு முன், வழியிலே ஒரு தம்பி என்னிடம் கேட்டதைச் சொல்ல வேண்டும். "சேர், எல்லாரும் மூச்சைப் பார்த்துக்கொண்டு அமைதியாகிவிட்டால் அநியாயத்தை யார் தட்டிக் கேட்பது? சத்தம் போட்டால்தானே இந்த நாட்டிலே வேலை நடக்கிறது?" நியாயமான கேள்வி. ஏச்சை விட்டவன் குரலையும் விட்டுவிட வேண்டுமா?

பாண்டியன் சபையைப் பாருங்கள். கண்ணகி போனது கெஞ்சுவதற்கல்ல, அழுவதற்குமல்ல. வழக்குரைக்கப் போனாள். தான் யார், எந்த ஊர், யாருடைய மனைவி என்று ஒழுங்காகச் சொன்னாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து என்று மன்னனே தன் வாயால் ஒப்புக்கொண்டான். சிலம்பை உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. அத்தோடு வழக்கு முடிந்தது, மன்னன் சிங்காசனத்திலேயே உயிரை விட்டான். மதுரை எரிந்தது அதற்குப் பிறகு. வழக்கை வென்றது தீயா, சிலம்பா? அந்தச் சபையிலே அவளுக்கு இல்லாத கோபமா? இருந்தது. ஆனாலும் எந்தச் சிலம்பு, எந்தப் பரல் என்று சொல்லுகிற அளவுக்கு அவளுக்கு மூச்சும் இருந்தது.

பிரதேச செயலகத்திலே, பொலிஸ் நிலையத்திலே, பாடசாலைக் கூட்டத்திலே நாம் போய்ச் சத்தம் போடும்போது என்ன நடக்கிறது? மேசைக்கு அங்கால் இருப்பவர் நம் முறைப்பாட்டை விட்டுவிட்டு நம் சத்தத்துக்குப் பதில் சொல்லத் தொடங்குகிறார். "இப்படிக் கத்தினால் வெளியே போங்கோ." காணிப் பத்திரம் கையிலேயே மடங்கிக் கிடக்கிறது. அநியாயம் செய்தவருக்கு நாமே தப்ப வழி திறந்துவிடுகிறோம். பத்திரத்தை மேசையிலே வையுங்கள், திகதியைச் சொல்லுங்கள், யார் கையெழுத்து வைத்தது என்று கேளுங்கள், பதில் வரும் வரை அசையாமல் நில்லுங்கள். அதற்கு நீண்ட மூச்சு வேண்டும். கத்துவதற்குத்தான் குறுகிய மூச்சுப் போதும்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். காரமாகக் கேட்டாலும் பதில் சொல்கிறேன், ஒரு மூச்சு விட்டபின்.